அரையாண்டு மதிப்பெண், அவசர அழைப்பு

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களுக்கு ஜனவரி மாதம் நிம்மதியாகக் கழிவதில்லை. டிசம்பரில் எழுதிய தேர்வுகளின் முடிவு அப்போதுதான் வரும். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், உரிமையியல் நடைமுறை என்று எந்தப் பாடமானாலும் பெரும்பாலும் பருவத்துக்கு ஒரே ஒரு தேர்வு. விடைத்தாளில் மாணவரின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் ‘ஏ’ கொடுக்கலாம் என்று பல கல்லூரிகளில் வரம்பும் உண்டு. அந்த வடிகட்டலில் முன்வரிசைக்கு வந்துவிட்ட மாணவருக்கு அடுத்த சில மாதங்களில் இன்னொரு தேர்வு காத்திருக்கிறது. இதைவிடப் பெயர்பெற்ற கல்லூரி ஒன்று, ‘இரண்டாம் ஆண்டுக்கு எங்களிடம் வந்துவிடு’ என்று இப்போதே இடம் தருகிறது. ஏற்பதா, விடுவதா?

அங்கே சட்டம் என்பது இளநிலைப் பட்டம் முடித்த பிறகு படிக்கும் மூன்றாண்டு ஜே.டி. படிப்பு. முதலாண்டு முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாறலாம். இரண்டு பருவ மதிப்பெண்களும் கைக்கு வந்தபின் ஜூன் வாக்கில் விண்ணப்பம், ஜூலையில் பதில், ஆகஸ்டில் புது வகுப்பு என்பது வழக்கமான முறை. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் போன்ற கல்லூரிகள் இன்னொரு வழியையும் திறந்தன. முதல் பருவ மதிப்பெண்ணை மட்டும் வைத்து முன்கூட்டியே இடம் கொடுத்துவிடுவது. மீதிப் பருவத்தையும் நல்லபடியாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்றுக்கொண்டால் பிறகு பின்வாங்கலாமா, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்.

இந்த அழைப்பைப் பெரும்பாலான மாணவர்கள் பரிசாகவே பார்க்கிறார்கள். ஆறு மாத உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று பெற்றோரும் மகிழ்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. கல்லூரியின் பெயருக்கு நம் வீடுகளில் உள்ள மதிப்பு அப்படி. ஆனால் இது பரிசு அல்ல, கொடுக்கல் வாங்கல். இருக்கும் இடத்தில் மூடிக் கிடக்கும் ஒரு கதவை அது உறுதியாகத் திறக்கும் என்றால் மட்டுமே ஏற்க வேண்டும். பெயருக்காக மட்டும் என்றால் விட்டுவிடுவதே நல்லது.

கல்லூரிகள் ஏன் அழைக்கின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். யு.எஸ். நியூஸ் வெளியிடும் சட்டக் கல்லூரித் தரவரிசையில் புதிய மாணவர்களின் எல்சாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் இளநிலைப் பட்ட மதிப்பெண்ணும் எடைபோடப்படுகின்றன. அந்தக் கணக்கில் வருவது முதலாண்டில் சேர்ந்தவர்கள் மட்டும்தான். இரண்டாம் ஆண்டில் மாறி வருபவர்களின் எல்சாட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கல்லூரியின் இடைநிலை மதிப்பெண் இறங்காது. ஆகவே முதலாண்டு வகுப்பைச் சிறிதாக, உயர் மதிப்பெண்காரர்களைக் கொண்டு நிரப்பிவிட்டு, இரண்டாம் ஆண்டில் வெளியிலிருந்து ஆள் சேர்த்துக்கொள்ள முடியும். மாறி வருபவர்களுக்கு உதவித்தொகை கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலும் முழுக் கட்டணமும் வசூலாகும். 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் அந்தத் தரவரிசைக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று விலகின. வேறு பல கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. ஆனாலும் பட்டியல் நிற்கவில்லை, அதை மாணவர்கள் பார்ப்பதும் நிற்கவில்லை.

இதனால் அழைக்கும் கல்லூரி கெட்டது என்று ஆகிவிடாது. மாறி வருபவர்களில் பலர் மிகச் சிறப்பாகவே படிக்கிறார்கள். ஆனால் கல்லூரி தன் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் அழைக்கிறது. மாணவரும் தன் கணக்கைப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? ஒரு மாநிலத்து நடுத்தரக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 45,000 டாலர், உதவித்தொகை 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாணவி கட்டுவது 15,000. மாறப்போகும் கல்லூரியில் கட்டணம் 78,000 டாலர், உதவித்தொகை இல்லை. ஆண்டுக்கு 63,000 டாலர் கூடுதல். மீதமுள்ள இரண்டு ஆண்டுகளுக்கு 1,26,000 டாலர். நம் பணத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். வாஷிங்டன், நியூயார்க் போன்ற நகரங்களின் வீட்டு வாடகையும் கடனுக்கான வட்டியும் இதில் சேரவில்லை.

நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் முதலாண்டு வழக்கறிஞருக்கு இப்போது ஆண்டுச் சம்பளம் 2,25,000 டாலர். அந்த வேலை கிடைத்தால் மேற்சொன்ன கடனைச் சில ஆண்டுகளில் அடைத்துவிடலாம். அந்த மாணவியின் விருப்பம் ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர் பணி என்றால், சம்பளம் ஏறத்தாழ இதில் மூன்றில் ஒரு பங்குதான். கடன் மட்டும் அதே கடன். எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் இந்த அழைப்புக்குப் பதில் சொல்லவே முடியாது.

கடன் விதிகளும் மாறிவிட்டன. 2025 ஜூலையில் சட்டமான வரி, செலவு மசோதாவின்படி, பட்ட மேற்படிப்பு மாணவர்கள் செலவு முழுவதற்கும் வாங்கிவந்த ‘கிராட் பிளஸ்’ என்ற மத்திய அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இடைக்காலச் சலுகை உண்டு. கல்லூரி மாறினால் அந்தச் சலுகை கூடவே வருமா என்ற கேள்விக்கு, புதிய கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்திடமிருந்து எழுத்துபூர்வமாகப் பதில் வாங்காமல் யாரும் முன்பணம் கட்டக் கூடாது. ஆண்டுக் கட்டணமே 75,000 டாலரைத் தாண்டும் கல்லூரியில், உச்சவரம்புக்கு மேலே உள்ள தொகையைத் தனியார் வங்கிகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

முன்கூட்டிய அழைப்புக்கு ஆதரவான வலுவான வாதமும் இருக்கிறது. அது நாட்காட்டி சார்ந்தது. பெரிய நிறுவனங்கள் இரண்டாம் ஆண்டுக் கோடைக்காலப் பயிற்சிக்கு எடுப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் நிரந்தர வேலையும் தருகின்றன. அந்த வளாக நேர்முகத் தேர்வு முன்பு ஆகஸ்டில் நடந்தது. 2018 இறுதியில் என்.ஏ.எல்.பி. என்ற வேலைவாய்ப்பு அமைப்பு ஆள்சேர்ப்புக் காலவரம்பு பற்றிய தன் நெறிமுறைகளைக் கைவிட்டது. அதன் பிறகு நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கோடையின் தொடக்கத்துக்கும் அதற்கு முன்னாலும் வந்துவிட்டன. ஜூலையில் இடமாற்றம் கிடைக்கும் மாணவர் புதுக் கல்லூரிக்குள் நுழையும்போது பல இடங்கள் நிரம்பியிருக்கும். முன்கூட்டியே இடம் பெற்றவர் அந்தப் பெயரைத் தன் விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள முடியும்.

இதே நாட்காட்டி மறுபக்கமும் வேலை செய்கிறது. நிறுவனங்களும் இப்போது முதல் பருவ மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுக்கின்றன. வகுப்பில் முதல் சில இடங்களுக்குள் இருக்கும் மாணவருக்கு, இருக்கும் கல்லூரியிலிருந்தே அந்த வேலை கிடைக்கக்கூடும். கிடைத்துவிட்டால் மாறுவதற்கான காரணமே போய்விடும். எனவே அழைப்பு வந்த அன்றே பதில் எழுதாமல், கெடுவின் கடைசி நாள் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பதுதான் சரி. கெடுவை நீட்டிக்கக் கேட்பதிலும் தவறில்லை. இருக்கும் கல்லூரியின் டீனிடம் அழைப்பைக் காட்டி, உதவித்தொகையை உயர்த்த முடியுமா என்றும் கேட்கலாம். முன்வரிசை மாணவர்களை இழந்தால், வழக்கறிஞராவதற்கான ‘பார்’ தேர்வில் தேர்ச்சி விகிதம் அடிவாங்கும் என்பது கல்லூரிக்குத் தெரியும். பட்டம் பெற்றுப் பார் தேர்வு எழுதுபவர்களில் 75 சதவீதத்தினராவது இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2019 முதல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி இருக்கிறது.

உடனே கிளம்ப வேண்டிய சூழலும் உண்டு. வட கரோலினாவின் சார்லட் சட்டக் கல்லூரியை 2016 நவம்பரில் வழக்கறிஞர் சங்கம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த மாதமே மத்திய அரசு அந்தக் கல்லூரிக்கான மாணவர் கடனை நிறுத்துவதாக அறிவித்தது. 2017 ஆகஸ்டில் கல்லூரி மூடப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் மாணவருக்கு வேறொரு நல்ல கல்லூரி முன்கூட்டியே இடம் தந்தால், யோசிக்க ஒரு நாள்கூட வேண்டாம். குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காவிட்டால் உதவித்தொகை ரத்து என்ற நிபந்தனையோடு சேர்க்கும் கல்லூரிகளில் படிப்பவர்களும் இந்த வாய்ப்பைத் தீவிரமாகவே எடைபோட வேண்டும்.

குடும்பத்துக்காக மாறுவதும் நியாயமான காரணமே. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க், கணவருக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்ததால் ஹார்வர்டிலிருந்து கொலம்பியாவுக்கு மாறினார். இரண்டு ஆண்டுகள் படித்த பிறகும் ஹார்வர்டு அவருக்குப் பட்டம் தர மறுத்தது. 1959இல் கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேர்ச்சி பெற்றார். இரண்டு கல்லூரிகளின் பெயரும் முதலிடமும் இருந்தும், பெண், யூதர், ஒரு குழந்தைக்குத் தாய் என்பதால் நியூயார்க் நிறுவனம் எதுவும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை.

இருக்கும் இடத்திலேயே நிற்பதற்கும் நல்ல காரணம் உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் படித்தது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள, அப்போது ஹேஸ்டிங்ஸ் என்று அழைக்கப்பட்ட சட்டக் கல்லூரியில். ஹார்வர்டுக்கோ யேலுக்கோ உள்ள பெயர் அதற்கு இல்லை. 1989இல் பட்டம் பெற்றவர், விரிகுடாவின் மறுகரையில் உள்ள அலமேடா மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் 1990இல் சேர்ந்தார். 2003இல் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேலை செய்ய விரும்பும் ஊரிலேயே படிப்பதற்குத் தனிப் பலன் உண்டு. உள்ளூர் நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் அந்த ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர்களாக இருப்பார்கள்.

மாறிச் செல்பவர் இழப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய பாடங்கள் புதுக் கல்லூரியில் பெரும்பாலும் ‘கிரெடிட்’ ஆக மட்டுமே ஏறும். மதிப்பெண்ணும் தரவரிசையும் கூட வராது. சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம் வேண்டுமென்றால் மறுபடி போட்டியிட வேண்டும். முதலாண்டில் ஒரே பிரிவில் அமர்ந்து நட்பானவர்களும், பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்த பேராசிரியர்களும் பழைய கல்லூரியிலேயே நின்றுவிடுகிறார்கள். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராகச் சேர விரும்புபவருக்குப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம்தான் உயிர்நாடி. அதை எழுதும் ஆளைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

மாணவர்கள் இவ்வளவையும் எடைபோட வேண்டுமென்றால் முக்கியமான ஒரு தகவல் வேண்டும். மாறி வந்தவர்களுக்கு எந்த வேலை கிடைத்தது? வழக்கறிஞர் சங்கத்தின் 509ஆம் விதிப்படி ஒவ்வொரு டிசம்பரிலும் கல்லூரிகள் வெளியிடும் அறிக்கையில் எத்தனை பேர் மாறி வந்தார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது. வேலைவாய்ப்பு அறிக்கையிலோ முதலாண்டிலிருந்தே படித்தவர்களும் மாறி வந்தவர்களும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கப்போகும் மாணவருக்கு, தன்னைப் போன்றவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. மாறி வந்தவர்களின் வேலைவாய்ப்புக்கும் அவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகைக்கும் தனித்தனிப் பத்திகளை வழக்கறிஞர் சங்கம் கட்டாயமாக்க வேண்டும். முன்கூட்டிய அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் கெடு, இரண்டாம் பருவ மதிப்பெண் வெளியாகும் தேதிக்கு முன் முடியக் கூடாது என்றும் விதி செய்ய வேண்டும்.