பத்திரம் எழுதும்போதே கேளுங்கள்

அமெரிக்கக் காடுகளில் பாதிக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. அத்தனையையும் விலைக்கு வாங்கிக் காப்பது அரசால் ஆகாத காரியம். 1990 வேளாண் சட்டத்தில் பிறந்த ‘ஃபாரஸ்ட் லெகசி’ திட்டம் வேறு வழியில் போகிறது. பெரும்பாலும் நிலம் உரியவரிடமே இருக்கும். அதை மனைகளாகக் கூறுபோடும் உரிமையை மட்டும் மானியம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். வண்டிப்பாதை பாத்தியம் போல, நிலம் யாருக்குக் கைமாறினாலும் அந்தக் கட்டுப்பாடும் கூடவே போகும். செலவில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும். கடலடி எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து வரும் பணம் அது.

இந்த மானியம் தொடர வேண்டும். இன்னும் பெருக வேண்டும். ஆனால் பத்திரத்தின் வாசகத்தில் காட்டும் அசட்டைக்கு ஊர்கள் விலை கொடுக்கின்றன.

நியூ ஹாம்ப்ஷயரின் வட கோடியில், கனெக்டிகட் ஆறு பிறக்கும் ஏரிகளைச் சுற்றி 1,46,000 ஏக்கர் காடு 2003-இல் இப்படிக் காக்கப்பட்டது. மரம் வெட்டும் தொழில் நிற்காது, பொதுமக்களும் உள்ளே போய்வரலாம் என்பதே அதற்கான பேச்சு. 2022-இல், நிற்கும் மரங்கள் சேமிக்கும் கார்பனைக் கணக்கிட்டுக் ‘கார்பன் வரவு’ என விற்கும் நிறுவனம் ஒன்று அந்நிலத்தை வாங்கி, வெட்டும் அளவைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. பிட்ஸ்பர்க் போன்ற சிற்றூர்கள் பதறின. அம்மாநிலத்தில் வெட்டிய மரத்தின் மதிப்பில் 10 விழுக்காடு உள்ளூர் நிர்வாகத்துக்கு வரியாகச் சேரும். மரம் விழாவிட்டால் வரி இல்லை, லாரி ஓட்டுபவருக்கும் ரம்பம் பிடிப்பவருக்கும் கூலி இல்லை. கூடுதலாக வெட்டுவதைத் தடுக்கத் தெரிந்த ஒப்பந்தம், குறைவாக வெட்டுவதைப் பற்றி என்ன சொல்கிறது என்ற சர்ச்சை அப்போதுதான் எழுந்தது.

கார்பனைச் சேமிப்பது குற்றமல்ல. காடு முதிர்வதும் நல்லதே. ஆனால் மக்கள் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ, அதை இருபது ஆண்டு கழித்து வரும் உரிமையாளர் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. இனி தரும் ஒவ்வொரு மானியத்துக்கும் முன்பு மரத்தொழில், கார்பன் விற்பனை, பொதுவழி ஆகிய மூன்றையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். ஆண்டுதோறும் காட்டுக்குள் நடந்து பார்த்துச் சரிபார்ப்பவரின் சம்பளத்தையும் அதே மானியக் கணக்கில் ஒதுக்க வேண்டும்.

நிபந்தனையை இறுக்கினால் நில உரிமையாளர்கள் ஒப்பமாட்டார்கள் என்பார்கள். அப்படியானால் கூடுதல் விலை பேசுங்கள். அதுவும் போதாதென்றால் அடுத்த விண்ணப்பத்தை எடுங்கள். காலத்துக்கும் நிற்கும் உரிமையை அரசு ஒரே ஒருமுறைதான் வாங்குகிறது.