8 வெற்றி, 24 தோல்வி: வீழ்ந்த அணியைக் கையேற்பவரை எதைக் கொண்டு அளப்பது?

2024 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆண்கள் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர்களை வீட்டுக்கு அனுப்பின. ஒன்று மிச்சிகன். மற்றையது கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில். இரண்டு அணிகளும் அந்தப் பருவகாலத்தை ஒரே கணக்கோடுதான் முடித்திருந்தன: 8 வெற்றி, 24 தோல்வி. மிச்சிகனுக்கு டஸ்டி மே வந்தார். லூயிவிலுக்கு பற் கெல்சி வந்தார். ஒரு வருடம் கழித்து மிச்சிகனின் கணக்கு 27 வெற்றி, 10 தோல்வி. லூயிவிலின் கணக்கு 27 வெற்றி, 8 தோல்வி.

அற்புதம், மறுபிறப்பு, உயிர்த்தெழுதல் என்றெல்லாம் அமெரிக்க விளையாட்டுப் பக்கங்கள் எழுதித் தள்ளின. இருவரில் யார் சிறந்த மீட்பர் என்ற விவாதம் தொலைக்காட்சியில் வாரக்கணக்காக நடந்தது. ஊடகக் கற்கை படித்த எனக்கு இந்த வகைச் செய்தியைக் கண்டால் ஒரு சந்தேகம் வரும். மீட்பர் கதை எழுதுவதற்கு மிகவும் இலகுவானது. முன்பு இருள், இப்போது ஒளி, நடுவில் ஒரு மனிதன். அந்த இருளில் யார் இருந்தார்கள், ஒளி வந்தபோது அவர்கள் எங்கே போனார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை.

கூடைப்பந்தாட்டத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிக்கக்கூடும். கனடாவில் பிறந்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு கிரிக்கெட்டை விட இது நெருக்கமான விளையாட்டு. ஸ்காபரோவிலிருக்கும் என் அக்காவின் மகனுக்கு மார்ச் மாதம் வந்தால் வேறு கதையே கிடையாது. 68 அணிகள், தோற்றால் வெளியே, மூன்று வாரம். "சித்தி, ஆர் திறம், மேயா கெல்சியா?" என்று அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடப்போய்த்தான் இருபது, முப்பது வருடப் பழைய கதைகளுக்குள் விழுந்தேன்.

அவற்றில் மிக ஆழமான பள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். 2003 யூன் மாதம் டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தின் வீரர் பற்ரிக் டென்னஹி காணாமற் போனார். ஜூலை இறுதியில் நகருக்கு வெளியே ஒரு கிரவல் கிடங்கருகே அவருடைய உடல் கிடைத்தது. சுட்டவர் அதே அணியின் இன்னொரு வீரரான கார்ல்டன் டொட்சன். 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 35 வருடச் சிறை கிடைத்தது. கொலை விசாரணை தோண்டத் தோண்ட வேறொன்றும் வெளியே வந்தது. தலைமைப் பயிற்றுநர் டேவ் பிளிஸ், விதிகளுக்கு மாறாக, டென்னஹி உட்பட இரண்டு வீரர்களின் படிப்புச் செலவைக் கள்ளமாகக் கட்டியிருந்தார். ஓகஸ்ட் தொடக்கத்தில் பிளிஸ் பதவி விலகினார். முக்கியமான வீரர்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். அந்தச் சூழலில் அவர்களைப் போகவேண்டாம் என்று தடுக்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை.

அந்த மாதம் முடியுமுன் பொறுப்பேற்றவர் ஸ்கொட் ட்ரூ. வயது 32. தலைமைப் பயிற்றுநராக இருந்த அனுபவம் ஒரேயொரு வருடம்தான், அதுவும் தகப்பனிடமிருந்து வல்பரைசோ என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் கையேற்றது. பேய்லரில் புலமைப்பரிசில் பெற்ற வீரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே எஞ்சியிருந்தார்கள். மிச்ச இடத்தைப் புலமைப்பரிசில் இல்லாத சாதாரண மாணவர்களைக் கொண்டு நிரப்பினார். முதற் பருவத்தில் 8 வெற்றி, 21 தோல்வி. அடுத்ததில் 9 வெற்றி, 19 தோல்வி. மூன்றாவதில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. விதித்த தண்டனையால், தன் பிரிவுக்கு வெளியே ஒரு போட்டியும் ஆட முடியவில்லை. 4 வெற்றி, 13 தோல்வி. ட்ரூ செய்த குற்றமல்ல, அந்த மாணவர்கள் செய்த குற்றமுமல்ல. ஆனாலும் தண்டனையை அனுபவித்தவர்கள் அவர்கள்தான்.

2008இல் பேய்லர் 20 வருடங்களுக்குப் பிறகு தேசியச் சுற்றுப்போட்டிக்குள் நுழைந்தது. 2010இலும் 2012இலும் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. 2021 ஏப்ரலில், அதுவரை ஒரு போட்டியிலும் தோற்காத கொன்சாகாவை 86-70 என்று வீழ்த்தி சம்பியனானது. ட்ரூ வந்து அப்போது 18ஆவது பருவம்.

இதோடு 1989இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ரிக் பிட்டீனோவை வைத்துப் பாருங்கள். அங்கு உயிர் போகவில்லை, மானம்தான் போயிருந்தது. சேரவிருந்த ஒரு வீரரின் தகப்பனுக்கு அனுப்பப்பட்ட பொதி வழியில் திறந்துகொள்ள, உள்ளே 1000 டொலர் காசு இருந்தது. விசாரணை, இரண்டு வருடத்துக்குச் சுற்றுப்போட்டித் தடை, ஒரு பருவத்துக்கு நேரடி ஒளிபரப்புத் தடை. நட்சத்திர வீரர்கள் வெளிக்கிட்டுவிட்டார்கள். நியூயோர்க் தொழில்முறை அணியை விட்டுவிட்டு வந்த பிட்டீனோவின் முதற் பருவம் 14 வெற்றி, 14 தோல்வி. தடை தீர்ந்த முதல் வருடமே, 1992இல், அணி டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் பிராந்திய இறுதிப் போட்டிக்கு வந்தது. மேலதிக நேரத்தில் 2.1 செக்கன்கள் மிச்சமிருக்க டியூக்கின் கிறிஸ்டியன் லேற்னர் நீண்ட பந்தைப் பிடித்துத் திரும்பிப் போட்டார். 104-103. கென்டக்கி தோற்றது.

தோற்ற பிறகு பல்கலைக்கழகம் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. அணியிலிருந்த நான்கு இறுதியாண்டு மாணவர்களின் சேர்ட்டுகளை மண்டபக் கூரையில் தொங்கவிட்டு மரியாதை செய்தது. ரிச்சி ஃபார்மர், டெரன் ஃபெல்டாஸ், ஜோன் பெல்ஃப்ரி, ஷோன் வூட்ஸ். தடைக்காலத்தில் எல்லோரும் போக, போகாமல் நின்றவர்கள் அவர்கள். பிட்டீனோ 1996இல் அங்கு சம்பியன் பட்டமும் வென்றார். ஆனால் கென்டக்கிக்காரர் இன்றைக்கும் உருகிப் பேசுவது 1992 அணியைப் பற்றித்தான். வென்றவர்களைப் பற்றியல்ல, நின்றவர்களைப் பற்றி.

அந்த மீட்பரின் மிச்சக் கதை சிக்கலானது. பின்பு லூயிவிலுக்குப் போன பிட்டீனோ அங்கு 2013இல் சம்பியன் பட்டம் வென்றார். சேரவந்த இளம் வீரர்களுக்கு அணி ஊழியர் ஒருவர் பாலியல் தொழிலாளிகளை ஏற்பாடு செய்திருந்தது அம்பலமாக, 2018இல் அந்தப் பட்டமே பறிக்கப்பட்டது. அதற்கு முன், 2017இல், வீரர்களைச் சேர்ப்பதில் நடந்த லஞ்சம் பற்றிய எஃப்.பி.ஐ. விசாரணையை அடுத்து அவர் நீக்கப்பட்டிருந்தார். அந்த இரண்டாவது விவகாரத்தில் சுயாதீன விசாரணைக் குழு 2022இல் அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்த வருடங்களின் கரிய நிழலில்தான் லூயிவில் கீழே இறங்கியது. கெல்சி 2024இல் தூக்கி நிறுத்தியதாகச் சொல்லப்படும் இடிபாட்டுக்கு, 1989இல் இன்னொரு இடிபாட்டைத் தூக்கி நிறுத்தியவரின் காலத்தில்தான் வெடிப்பு விழுந்தது. பிட்டீனோ இப்போது நியூயோர்க்கின் சென்ற் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மீட்பர் வேலை பார்க்கிறார். இரண்டாவது பருவத்திலேயே 31 வெற்றி, 5 தோல்வி. வேலை தெரிந்த மனிதர், அதில் சந்தேகமில்லை.

சரி, மேயையும் கெல்சியையும் ட்ரூவோடு ஒரே தராசில் வைக்கலாமா? என்னால் முடியவில்லை. காரணம் திறமையல்ல, விதி மாறியிருக்கிறது. முன்பு ஒரு வீரர் பல்கலைக்கழகம் மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2018இல் 'ட்ரான்ஸ்பர் போர்ட்டல்' என்ற பதிவேடு வந்தது. மாற விரும்புகிறவர் அதில் பெயரைப் போட்டால் எந்தப் பயிற்றுநரும் அவரோடு கதைக்கலாம். 2021இல் ஒரு தடவை காத்திருக்காமல் மாறலாம் என்றார்கள். 2024இல் எத்தனை தடவையும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துக் காசு உழைக்கலாம். 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே எல்லா விளையாட்டுகளுக்குமாக முதல் வருடத்தில் சுமார் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகியது.

ஆகவே லூயிவிலில் நடந்தது 8 வெற்றி பெற்ற அணி 27 வெற்றி பெற்ற அணியாக மாறியதல்ல. ஏறத்தாழ முழு அணியும் புதிது. சேர்ட்டும் மண்டபமும்தான் பழையவை. மிச்சிகனின் இரண்டு உயரமான தூண்களில் விளாடிஸ்லாவ் கோல்டின் மேயோடு அவருடைய பழைய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், டானி வூல்ஃப் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 24 தடவை தோற்ற பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்தக் கதையிலேயே இல்லை. வீட்டைத் திருத்தினார்கள் என்று சொல்கிறோம். உண்மையில் குடியிருந்தவர்களை மாற்றியிருக்கிறார்கள்.

இதை வைத்துப் பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய விசுவாசத்தில் பாதி, வேறு வழியில்லாத விசுவாசம். பயிற்றுநர் மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு நினைத்தபோது வேறு இடம் போகலாம். அவரை நம்பி வந்த மாணவன் போனால் ஒரு வருடம் வாங்கில் இருக்கவேண்டும், காசு வாங்கினால் குற்றவாளி. அந்த அநீதி போனது நல்லதுதான். போவதற்குச் சுதந்திரம் இருக்கும்போது நிற்பவனைத்தான் நின்றவன் என்று சொல்லவும் முடியும். எனது முறைப்பாடு வீரர்கள் மீதல்ல, முதல் வருடக் கணக்கை மட்டும் வைத்து மீட்பரைத் தெரிவு செய்கிற எங்கள் தொழில் மீது.

அந்த அளவுகோலை வைத்தால் மைக் ஷஷெவ்ஸ்கி தேறியிருக்க மாட்டார். 1980இல் டியூக்குக்கு வந்த அவருடைய முதல் மூன்று பருவங்கள்: 17-13, 10-17, 11-17. கலைக்கச் சொல்லிக் காசு கொடுப்பவர்கள் நெருக்கினார்கள். விளையாட்டுப் பணிப்பாளர் டொம் பட்டர்ஸ் கலைக்கவில்லை, 1984இல் ஒப்பந்தத்தை நீடித்தார். 2022இல் ஓய்வு பெறும்போது ஷஷெவ்ஸ்கியிடம் ஐந்து சம்பியன் பட்டங்களும் 1202 வெற்றிகளும் இருந்தன. பெண்கள் பக்கத்தில் டோன் ஸ்டேலி தென் கரோலைனாவில் 2008இல் தொடங்கியபோது முதற் பருவம் 10 வெற்றி, 18 தோல்வி. முதற் பட்டம் 2017இல்.

பொறுத்தால் எல்லாம் சரிவரும் என்றும் இல்லை. ஜோர்ஜ்டவுனுக்கு 1984இல் பட்டம் வென்றுகொடுத்த பற்ரிக் யூவிங் 2017இல் பயிற்றுநராகத் திரும்பினார். ஆறு வருடம் பொறுத்தார்கள். ஐந்தாவது பருவத்தில் தன் பிரிவில் ஆடிய 19 போட்டிகளிலும் அணி தோற்றது. லூயிவிலில் கெல்சிக்கு முன்பிருந்த கென்னி பெய்னும் அந்தப் பல்கலைக்கழகத்தின் 1986 சம்பியன் அணியில் ஆடியவர்தான். இரண்டு பருவத்தில் 12 வெற்றி, 52 தோல்வி. சொந்த மண்ணின் பிள்ளை என்பது வரவேற்பு விழாவுக்கு உதவும், அதற்கு மேல் அல்ல.

ஆக, மருமகனின் கேள்விக்கு விடை கேட்டால், மேயும் கெல்சியும் கெட்டிக்காரர்கள். ஆனால் நான் ஒப்பிட விரும்புவது வெற்றிக் கணக்கையல்ல. இடிந்தது என்ன, அதில் எது திருத்தப்பட்டது என்பதை. அப்படிப் பார்த்தால் ட்ரூதான் முதலாவது. அங்கேயும் ஒரு பயிற்றுநரால் திருத்த முடியாத பகுதி ஒன்று மிஞ்சுகிறது.

2003 கோடையில், படிப்புச் செலவுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தபோது, டேவ் பிளிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். டென்னஹி போதைப்பொருள் விற்று உழைத்தான் என்று விசாரணையாளர்களிடம் சொல்லும்படி மற்ற வீரர்களை உசுப்பினார். செத்தவன் வந்து மறுக்கப்போவதில்லை. எங்கள் வாசகர்களுக்கு இந்தத் தந்திரத்தை விளக்கத் தேவையில்லை. அணியின் இளைய உதவிப் பயிற்றுநர் ஏபார் ரௌஸ் அந்தப் பேச்சுகளை இரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். பதிவு வெளியே வந்தது. டென்னஹியின் பெயர் காப்பாற்றப்பட்டது.

அதன் பிறகு பயிற்றுநர் உலகம் பேசியது பிளிஸின் பொய்யைப் பற்றி மட்டுமல்ல, ரௌஸின் ஒலிப்பதிவைப் பற்றியும். தலைமைப் பயிற்றுநருக்குத் தெரியாமல் பதிவு செய்கிறவனுக்குத் தன்னிடத்தில் வேலை இருக்காது என்று பகிரங்கமாகச் சொன்னவர்களில் ஷஷெவ்ஸ்கியும் ஒருவர். ரௌஸ் சிறிய கல்லூரியொன்றில் மிகச் சிறிய பதவியில் சிறிது காலம் இருந்தார். அதற்கு மேல் அந்தத் தொழிலில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. பிளிஸ் மீது என்.சி.ஏ.ஏ. பத்து வருடக் கட்டுப்பாடு விதித்தது. அது முடிந்தபின் ஒக்லஹோமாவிலுள்ள ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரி அவரைத் தலைமைப் பயிற்றுநராக எடுத்தது. 2017இல் இந்த விவகாரம் பற்றிய ஆவணப்படமொன்றில் டென்னஹி போதைப்பொருள் விற்றவர் என்று அவர் மீண்டும் சொன்னார். படம் வெளியான பிறகுதான் அந்தப் பதவியிலிருந்து விலகினார்.