ஊர் கூடிக் கேட்க வேண்டிய கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்)

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளாக ஒரு சட்டம் நிலைத்து நிற்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பணிகளைப் பகிர்ந்தளித்த பெருமையைப் பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறோம். மேடைதோறும் முழங்கியும் வருகிறோம். ஆனால் அக்கல்வெட்டில் உள்ள ஒரு விதியை எடுத்துச் சொல்வோர் குறைவு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் வாரியத்தில் அமரக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் அமரக் கூடாது. இதுவே அந்த விதி.

அந்தச் சபையில் எல்லார்க்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், மறை கற்ற அறிவும், 35க்கு மேல் 70க்குள் வயதும் உடையவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. கூலிக்கு உழுதவர்க்கு அங்கே இடமில்லை; பெண்ணுக்கும் இல்லை. நம்மில் பெரும்பாலோருடைய பாட்டன் பூட்டன்மார் அந்தச் சபையின் வாசலில்கூட நின்றிருக்க முடியாது. கணக்குக் கேட்கும் வழக்கத்தை உத்திரமேரூரிலிருந்து எடுத்துக்கொள்வோம். கதவடைக்கும் வழக்கத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

திறந்த கதவு

அந்தக் கதவைத் திறந்தது 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம். அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் பிறந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதற்கு எவருடைய சிபாரிசும் தேவையில்லை. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்த்து ஏற்பது, நடைபெறும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வது ஆகியவை இச்சபையின் கடமைகள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு நாள்களோடு 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்து, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேராவது வர வேண்டும். 10,000 பேருக்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேராவது வர வேண்டும் என்று விதியும் உண்டு.

சட்டம் இவ்வளவு தந்திருக்க, நாம் அதை என்ன செய்து வைத்திருக்கிறோம்? கொடியேற்றி மிட்டாய் தரும் நாளின் ஒரு சடங்காகச் செய்து வைத்திருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

நம் மலையின் நிலை

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று எல்லாமே நாடுகள்! பெயரில் மட்டுமா நாடு? பரப்பிலும் நாடுதான். ஒரு நாட்டுக்குள் பல குக்கிராமங்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்குமாகச் சிதறிக் கிடக்கின்றன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவோர்க்குச் செம்மேடு தெரியும், ஆகாயகங்கை தெரியும், அறப்பளீசுவரர் கோயில் தெரியும். செம்மேட்டைத் தாண்டி ஓடையைக் கடந்து நடக்கும் ஊர்கள் தெரியா. கிராம சபையோ ஓரிடத்தில், ஒரு முற்பகலில் கூடுகிறது. மிளகு பறிக்கும் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நான்கு மைல் நடந்து வந்து உட்கார யாரால் முடியும்? ஆகவே கூட்டம் நடக்கும் ஊராரே வருகிறார்கள். அவர்கள் ஊர்த் தேவையே முதல் தேவையாக எழுதப்படுகிறது. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. தொலைவு செய்யும் அநீதி இது.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். பல ஊர்களுக்கும் இது பொருந்தும். பேச்சுத் தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகம் கைமாறிக் கையெழுத்து வாங்கி வந்தது. பெண்கள் பலரும் எழுதப்படாத வெற்றுப் பக்கத்துக்கு அடியில் தம் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதற்கு நாம் கொடுத்த மரியாதை அது! ஒரு பாட்டி எழுந்து, "எங்க ஊருக்குத் தண்ணி எப்பப்பா வரும்?" என்றார். "எழுதிக்கிட்டோம் பாட்டி" என்று விடை வந்தது. ஒரு சாலைப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவாயிற்று என்று நான் கேட்டேன். "படிக்கிற பிள்ளை, பின்னாடி ஆபீசுக்கு வா கண்ணு, காட்டுறேன்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஊர் நடுவே கேட்ட கேள்விக்கு அறைக்குள் விடை சொல்வது எந்த முறை?

எதையெல்லாம் எடைபோட வேண்டும்?

கிராம சபைக்கு முன் வருபவை சின்னஞ்சிறு விஷயங்கள் என்று எண்ண வேண்டாம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைக்கேற்பச் செலவிட விடப்பட்டது. இந்தப் பாகுபாடு தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? தெரிந்தால்தானே, "குடிநீர்ப் பணம் எங்கே? எங்கள் விருப்பத்துக்கு விட்ட பணம் எதில் போயிற்று?" என்று இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்க முடியும்?

நிலத்தைப் பற்றிய முடிவும் அப்படியே. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தில் உரிமை கோரும் மனுக்களை முதலில் ஆராய்வது கிராம சபை. பள்ளிக்கூடமோ, மருந்தகமோ, குடிநீர்க் குழாயோ, சாலையோ அமைக்க ஒரு எக்டேருக்கும் குறைவான காட்டு நிலம் வேண்டுமானால், அச்சட்டம் கேட்பது கிராம சபையின் பரிந்துரையை. மலைப்பகுதிகளில் மனைப்பிரிவும் கட்டடமும் கட்டுக்கடங்காமல் பெருகாதிருக்க 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தை மாநில அரசு அமைத்தது. மாநில அளவில் அமரும் அந்த ஆணையத்துக்கு எந்தச் சரிவில் எந்த ஊற்று இருக்கிறது என்று யார் சொல்வது? ஊர்தான் சொல்ல வேண்டும். ஊரின் குரல் எழுத்தில் பதிவாகும் இடம் தீர்மானப் புத்தகம்.

ஒரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தந்த 1996 ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே மலையாளிப் பழங்குடி மக்கள் நிறைந்த நம் மலைக்கு அந்தக் கவசம் இல்லை. இருப்பது சாதாரணக் கிராம சபைதான். இருக்கும் ஒன்றையும் துருப்பிடிக்க விட்டால் நம்மைக் காப்பது எது?

ஐயமும் விடையும்

"இவர்களுக்கு என்ன தெரியும்? பட்டா, வீடு, ரேஷன் அட்டை என்று சொந்தக் கோரிக்கையையே பேசுவார்கள். திட்டங்களை ஆராய்வது பொறியாளர் வேலை" என்பார் உண்டு. பொறியாளருக்குச் சிமெண்ட்டின் அளவு தெரியும். சித்திரையில் எந்த ஓடை வற்றும் என்பது தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் தொட்டியில் தண்ணீர் நிற்கும்.

ஒடிசாவின் நியமகிரியைப் பாருங்கள். பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே ஆராயட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. நம் மலையிலிருந்தும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு சென்ற காலம் உண்டு என்பதை நினைத்தால், இச்செய்தி நமக்குத் தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது.

கணக்கைப் பாருங்கள் என்றால் ராஜஸ்தானைச் சொல்வேன். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற சிற்றூரில் உழைப்பாளர்கள் கூடி, பொதுப்பணிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். அப்படித் தொடங்கிய மக்கள் விசாரணைகளே 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு வலுவான காரணங்களுள் ஒன்றாயின. கடல் கடந்தும் காட்டு உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரத்து மன்றம் 1989 முதல் பல ஆண்டுகள், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர், எதற்கு முதலில் சாக்கடை என்பதைப் பேட்டை மக்களின் கூட்டங்களில் வரிசைப்படுத்தியது. பேட்டை மக்களால் ஆனது நாட்டு மக்களால் ஆகாதா?

மன்றம் கலையும், சபை கலையாது

2016 அக்டோபரிலிருந்து 2019 முடிவு வரை நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2019 டிசம்பரில் தேர்வான மன்றங்களின் காலமும் 2025 சனவரி 5 அன்று முடிந்து, பொறுப்புத் தனி அலுவலர்களிடம் சென்றது. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் செய்தும், மன்றமே இல்லாத காலத்தில் அந்தப் பாதி எங்கே? தேர்தலைக் காலத்தில் நடத்துவது அரசின் கடமை. அதை வலியுறுத்துவது நம் கடமை. ஆனால் தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை உயிரோடு இருக்கிறது. வாக்காளர் உள்ளவரை அதற்குப் பதவிக்காலம் கிடையாது. கேட்பார் இல்லாத காலத்தில்தான் கேட்பது மிகவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சபை கூடுமுன் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒரு மாலை கூடித் தேவைகளை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். கூட்ட இடம் ஆண்டின் ஆறு முறையும் ஓரிடமாக இல்லாமல் ஊர் மாறி ஊர் செல்ல வேண்டும். வரவு செலவு ஒரு வாரம் முன்பே கடைத்தெருவிலும் பள்ளிச் சுவரிலும் ரூபாய்க் கணக்கில் ஒட்டப்பட வேண்டும். சென்ற கூட்டத்துத் தீர்மானங்கள் என்னவாயின என்று முதலில் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்மானத்தை எழுதி, உரக்கப் படித்து, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

கூட்டத்தில் கூச்சலிடுவோர் இருப்பர். வலியவர் தம் பக்கம் வளைக்கவும் பார்ப்பர். அதற்கு மருந்து எழுத்து. எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர் சபையில் இருந்தால் வளைப்பது எளிதன்று.

அந்தப் படிக்கத் தெரிந்தவர் யார்? தோழர்களே, நாம்தான்! இக்கல்லூரியில் நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். கூட்டலும் கழித்தலும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுமானால் அந்தப் பட்டத்தால் ஊருக்கு என்ன பயன்? பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளேனும் ஓர் ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கக் கற்றுத் தாருங்கள். அடுத்த கிராம சபை நாளில் பதினான்கு நாடுகளிலும் நம் மாணவர் ஒருவராவது எழுந்து, "தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள், ஐயா" என்று பணிவாகச் சொல்லட்டும். பணிவு குறைய வேண்டாம்; குரலும் குறைய வேண்டாம்.