கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்



ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களின் கடிதங்கள் இப்போது நிறைய வருகின்றன. முன்பெல்லாம் ‘வாங்கலாமா, மைலேஜ் தருமா?’ என்று கேட்பார்கள். அன்று வாங்கிய வண்டிகளுக்கு இன்று வயதாகிவிட்டது, கேள்வியும் மாறிவிட்டது. ‘டார்க் கன்வெர்ட்டர் போய்விட்டது என்கிறார்கள். கேட்கும் தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. காணொளியில் ஒரு அமெரிக்கர் தன் வீட்டு ஷெட்டிலேயே மாற்றிக் காட்டுகிறாரே, நம்மால் முடியாதா?’ என்று சேலத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிரேக் பேட், பேட்டரி, பைக்கின் கிளட்ச் பிளேட் வரைக்கும் தானே மாற்றிக்கொள்பவராம். ஸ்பேனர் பிடித்துப் பழகிய ஆளுக்கு ‘உங்களால் முடியாது’ என்று ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. அதனால் இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

முதலில் உங்கள் வண்டியில் அந்தப் பாகம் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மூரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றுக்கும் ஆட்டோமேட்டிக் என்றுதான் பெயர். 2014-ல் மாருதி செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி.யில் இருப்பது சாதாரண கிளட்ச்தான். அதை அமுக்கி விடும் வேலையைக் காலுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. டி.சி.டி. எனப்படும் இரட்டை கிளட்ச் வண்டிகளிலும் பொதுவாக கன்வெர்ட்டர் கிடையாது. இனோவா கிரிஸ்டாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கிலும், கிரெட்டாவின் ஆறு கியர் டீசல் ஆட்டோமேட்டிக்கிலும் உண்டு. 2014-க்குப் பிறகு வந்த ஹோண்டா சிட்டி சி.வி.டி.யிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஏ.எம்.டி. வண்டிக்கு ‘கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும்’ என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, பெல் ஹவுசிங்குக்குள் உட்கார்ந்திருக்கும் உருண்டையான இரும்புக் கூடுதான் டார்க் கன்வெர்ட்டர். உள்ளே முழுக்க எண்ணெய். எஞ்சின் சுழற்றும் இறக்கைகள் அந்த எண்ணெயை வீச, எதிரே இருக்கும் இறக்கைகள் அதை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுழற்றும். நடுவே ஸ்டேட்டர் என்று ஒன்று. திரும்பி வரும் எண்ணெயை அது திசை மாற்றி விடுவதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கிடைக்கும். ஜெர்மனியின் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது கப்பல். கார்களில் இது பெரிய அளவில் இடம் பிடித்தது 1948-ல் வந்த பியூக்கின் டைனாஃப்ளோவிலிருந்து.

எண்ணெய் வழியாக மட்டுமே சக்தி கடந்தால் எப்போதும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும். அந்த வழுக்கலில் எரிபொருள் வீணாகும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஒரு சொட்டு பெட்ரோலும் கணக்காகிவிட்டது. வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் லாக்-அப் கிளட்ச் பரவலானது அப்போதுதான். இன்று நமக்கு வரும் தலைவலியில் பாதி இந்தக் கிளட்சினால்தான். மைலேஜுக்காக வைத்த பாகம்தான் தேய்ந்துபோய் நடுங்குகிறது.

அந்த நடுக்கத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது, டோல் கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளின் மேல் ஓடுவது போல வண்டி ஒரு சில நொடிகள் அதிரும். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். இதே அதிர்வு ஸ்பார்க் பிளக், காயில் கெட்டுப்போய் எஞ்சின் மிஸ் ஆனாலும் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. காலியான சாலையில், பின்னால் வண்டி வராத நேரத்தில், அதிர்வு வந்தவுடன் ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் பெடலை, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், மெல்லத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் சுவிட்ச் வேலை செய்ததும் லாக்-அப் விடுபட்டுவிடும். அதிர்வு சட்டென்று நின்றால் சந்தேகம் கன்வெர்ட்டர் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சினைப் பாருங்கள். பிளக் மாற்ற வேண்டிய வண்டிக்கு கியர்பாக்ஸை இறக்குவதைவிடப் பெரிய தண்டச் செலவு இல்லை.

அடுத்து எண்ணெய். ஸ்கேனரில் பி0741 என்ற கோடு வந்ததும் ‘கன்வெர்ட்டர் அவுட்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் அந்தக் கோடு சொல்வது. பிடிக்காததற்குக் காரணம் கிளட்ச் தேய்ந்ததாக இருக்கலாம், சோலினாய்டு வால்வு ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம், பழைய எண்ணெயாகவும் இருக்கலாம். கியர்பாக்ஸ் எண்ணெயில், கிளட்ச் நடுங்காமல் பிடிப்பதற்கென்றே சேர்மானங்கள் உண்டு. காலம் போகப் போக அவை வலுவிழக்கும். தவறான எண்ணெய் ஊற்றினால் முதல் நாளே நடுங்கலாம். கையேட்டில் எந்தக் குறியீடு போட்டிருக்கிறதோ அதே எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் போடலாம்’ என்று லேபிளில் எழுதியிருப்பதை நம்பி வாங்குவதற்கு நான் ஒப்பமாட்டேன்.

‘ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிறதே?’ என்பீர்கள். யாருடைய ஆயுசு என்பதுதான் கேள்வி. பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. கொஞ்சம் எண்ணெயை எடுத்து வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். சிவப்பு பழுப்பாகியிருந்தால் வயது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது. கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். பளபளக்கும் துகள் கிடந்தால்தான் கவலை. ஒருமுறை வடித்து ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் புது எண்ணெய் உள்ளே போகும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும். இதிலேயே நடுக்கம் நின்றுபோன வண்டிகள் நிறைய.

இது வரைக்கும் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். நீங்களே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

இதற்குப் பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, துகளும் வந்துவிட்டது என்றால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். காணொளியில் இருபது நிமிடத்தில் முடிகிற வேலை, நேரில் ஒரு வாரக் கடைசியை முழுசாக விழுங்கும். முன்சக்கர இயக்க வண்டியில் இரண்டு ஆக்ஸிலையும் உருவ வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் அடியில் உள்ள சட்டத்தையும் இறக்க வேண்டும். அதற்குள் எஞ்சின் தொங்காமல் மேலே குறுக்குக் கம்பி போட்டுப் பிடித்திருக்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது; நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கன்வெர்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை, கிராங்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஓட்டை வழியே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பிறகு அறுபது, எண்பது கிலோ எடையுள்ள கியர்பாக்ஸை ஆளின் நெஞ்சுக்கு மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

கழற்றுவதை ஒருவழியாகச் செய்துவிடலாம். மாட்டும்போதுதான் அனுபவம் பேசும். புது கன்வெர்ட்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கியர்பாக்ஸின் தண்டில் நுழைத்து, அழுத்தியபடியே சுழற்ற வேண்டும். ஒருமுறை ‘டக்’கென்று உள்ளே இறங்கும். முடிந்தது என்று நினைப்போம். இல்லை, மறுபடி சுழற்றினால் இன்னொரு படி இறங்கும். கடைசியாக எண்ணெய் பம்பின் பிடியில் அது உட்காரும் படி ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். நல்ல மெக்கானிக்குகள் அங்கே கையை நம்ப மாட்டார்கள். ஹவுசிங்கின் வாயில் நேர் சட்டம் வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, கையேட்டோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கடைசிப் படி இறங்காமலே ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கினால், இடைவெளி மூடும்போது நொறுங்குவது பம்ப். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கியர்பாக்ஸ் போய்விடும். ஹவுசிங் ஒட்டி உட்கார்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் இன்னொரு திருப்புகூட முறுக்காமல் பின்வாங்கிவிட வேண்டும்.

இதோடு கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவ வேண்டும். பழையது அரைத்துப் போட்ட துகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதியதையும் அதுவே தின்றுவிடும். கன்வெர்ட்டர் கழுத்தில் இருக்கும் சீலைப் புதிதாகப் போட வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் எண்ணெய் அளவை, அது குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வரும்போதுதான் பார்க்க முடியும். அதற்கும் ஸ்கேனர் வேண்டும்.

அப்படியென்றால் அந்த அமெரிக்கர் மட்டும் ஏன் வீட்டில் செய்கிறார்? அங்கே பட்டறைக் கூலி ஒரு மணி நேரத்துக்கே நூறு டாலரைத் தாண்டும். இந்த வேலைக்குப் பல மணி நேரக் கூலி போடுவார்கள். புதுப்பித்த கன்வெர்ட்டர் கடையில் தாராளமாகக் கிடைக்கும். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பிடித்து வைத்த தொகையும் திரும்ப வரும். அவர் மிச்சம் பிடிப்பது கூலியை. காணொளிகளில் வருபவை பெரும்பாலும் பின்சக்கர இயக்கப் பழைய பிக்அப்கள். கியர்பாக்ஸ் நேர்கோட்டில் படுத்திருக்கும், அடியில் இடமும் உண்டு. வீட்டை ஒட்டி ஷெட்டும், வண்டி பத்து நாள் கிடந்தாலும் கேட்க ஆளில்லாத நிலமும் உண்டு. நம்மூரில் கணக்கு தலைகீழ். பாகம்தான் விலை, கூலி குறைவு. ஜாக்கி, ஸ்டாண்டு, எஞ்சின் தாங்கி, ஸ்கேனர் என்று வாங்கிச் சேர்த்தால் மிச்சம் என்று ஒன்றுமே நிற்காது. அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் எண்ணெய் சிந்தினால் சங்கச் செயலாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய செலவு தனி. பாதியில் மாட்டிக்கொண்டாலோ, ஆக்ஸில் உருவிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. பல வண்டிகளில் ஹப் பேரிங் கெட்டுவிடும்.

ஆகவே என் முடிவு இதுதான்: சோதனையும் எண்ணெயும் வீட்டில், இறக்கி ஏற்றுவது பட்டறையில். பழைய பின்சக்கர வண்டியும், பக்கத்தில் லிஃப்டும், கியர்பாக்ஸ் இறக்கிப் பழகிய நண்பரும் இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

பட்டறை என்றாலும் எல்லாப் பட்டறையும் இல்லை. பெரிய சர்வீஸ் சென்டர்கள் பலவற்றில் கியர்பாக்ஸைத் திறப்பதே இல்லை. முழு அசெம்பிளியை மாற்றச் சொல்லி லட்சத்தில் எஸ்டிமேட் போடுவார்கள். வாரண்டி இருந்தால் அங்கேயே போங்கள், வேறு யோசனை வேண்டாம். வாரண்டி முடிந்துவிட்டால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஆளிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். கன்வெர்ட்டர் வெல்டு செய்து மூடிய கூடு. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் லேத்தில் வெட்டித் திறந்து, கிளட்ச் மாற்றி, மறுபடி வெல்டு செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பேலன்ஸ் பார்த்தார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். கூலரைக் கழுவுவார்களா, புது சீல் உண்டா, கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணில் காட்டுவார்களா, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை பில்லில் எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கன்வெர்ட்டர் தேடிப் போகிறவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் வெல்டு செய்த கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது.

இந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். வண்டி எது, ஓடியது எத்தனை கிலோமீட்டர், எண்ணெய் மாற்றியதிலேயே சரியானதா, கியர்பாக்ஸ் இறங்கியதா என்ற விவரத்தோடு, பெயரையும் முகவரியையும் மறைத்து பில்லின் நகலையும் அனுப்பிவையுங்கள். ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர் என்ன கூலி வாங்குகிறார்கள் என்று அடுத்த இதழ்களில் சேர்த்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்