பங்கோரின் கதவு இக்கரையில் இருக்கிறது

பயணிகள் படகு எதுவானாலும் அதற்கு ஓர் எண் உண்டு. இத்தனை பேர்தான் ஏறலாம், அத்தனை பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒருவரை ஏற்றினாலும் குற்றம். லூமுட்டிலிருந்து பங்கோருக்குப் போகும் பெர்ரிக்கும் இதே விதிதான். ஆனால் அந்தப் பெர்ரி போய்ச் சேரும் தீவு எத்தனை பேரைத் தாங்கும் என்று நாம் கேட்பதே இல்லை. பள்ளி விடுமுறையில், நீண்ட வார இறுதிகளில், மாசி மகத்தன்று பெர்ரிகள் நிரம்பி வழிகின்றன. ஒவ்வொரு படகும் தன் எண்ணை மீறாமல் போகிறது. எல்லாப் படகுகளும் சேர்ந்து இறக்கிவிடும் கூட்டத்துக்கு மட்டும் எண் கிடையாது.

2024ஆம் ஆண்டைப் பேராக்கிற்கு வருகை தரும் ஆண்டாக மாநிலம் கொண்டாடியது. 2026 நாடு முழுமைக்குமான சுற்றுலா ஆண்டு. இப்படிப்பட்ட ஆண்டுகளில் தீவைச் சுற்றிவரும் அழகிய சாலையை இன்னும் எப்படி அழகாக்கலாம் என்ற யோசனைகளுக்குப் பஞ்சமே இருக்காது. படம் எடுத்துக்கொள்ள மேடை, ஊர்ப் பெயரைத் தாங்கிய பெரிய எழுத்துகள், வண்ண விளக்குகள், வாகன நிறுத்துமிடம். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம். எத்தனை பேர் வரலாம் என்பதை முடிவு செய்த பிறகுதான் சாலைக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

அந்தச் சாலையை ஒருமுறை மனத்துக்குள் சுற்றி வருவோம். பங்கோர் பட்டணத்துப் படகுத்துறையில் இறங்கித் தெற்கே போனால் தெலுக் கெடோங். பேராக்கின் ஈய வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே சிதைந்து நிற்கிறது. பட்டணத்திலிருந்து மேற்கே திரும்பினால் பாசீர் போகாக் கடற்கரை. அங்கிருந்து வடக்கே தெலுக் கெதாப்பாங், பிறகு தெலுக் நிப்பா. அதையும் தாண்டினால் சிறிய விமான நிலையம், அதற்கப்பால் காட்டு மேடு. வண்டியின் பிரேக்கைச் சோதிக்கும் செங்குத்தான ஏற்ற இறக்கம் அது. வாடகை மோட்டார் சைக்கிளில் முதன்முறையாக அந்தப் பக்கம் போகும் இளைஞர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மேட்டைக் கடந்து இறங்கினால் கிழக்குக் கரையில் சுங்கை பினாங் பெசார், சுங்கை பினாங் கெச்சில் என்று மீனவர் குடியிருப்புகள். நெத்திலி காயும் வாசம் மூக்கில் ஏறும்போது மீண்டும் பட்டணம் வந்துவிடும். தீவின் பரப்பு ஏறக்குறைய 18 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் நடுப்பகுதி காடு. மனிதர்கள் வாழ்வது கரையோரப் பட்டையில் மட்டும்.

ஆக, இருப்பது ஒரே சாலை. சுற்றுப்பயணிக்கு அது காட்சிச் சாலை. தீவுக்காரருக்கோ அதுவே பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி, மீன் ஏற்றும் வண்டியின் வழி, மருத்துவ அவசரத்துக்கான வழி, சாமி ஊர்வலம் வரும் வழி. நெடுஞ்சாலையில் நெரிசல் வந்தால் மாற்றுப்பாதை தேடலாம். இங்கே மாற்றுப்பாதை என்பது கடல்தான்.

எண்ணை முன்கூட்டியே முடிவு செய்யாத தீவுகள் என்ன ஆயின? பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவில் விடுதிக் கழிவுநீர் கடலில் கலந்து, அரசாங்கமே 2018 ஏப்ரல் இறுதியில் தீவை ஆறு மாதங்களுக்கு மூடியது. மீண்டும் திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 சுற்றுப்பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வந்தது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை அதே ஆண்டு ஜூனில் நான்கு மாதங்களுக்கென்று மூடினார்கள். பவளம் மீள அவ்வளவு காலம் போதவில்லை. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையவே முடியாது. தீவின் பின்புறம் இறங்கி நடந்து போக வேண்டும். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன என்பது நல்ல செய்தி. நம் நாட்டிலேயே சபாவின் சிப்பாடானில் 2004இல் தீவிலிருந்த விடுதிகளை அகற்றினார்கள். பிறகு முக்குளிப்போருக்கு நாளொன்றுக்கு 120 அனுமதிகள் என்று வரம்பு வைத்தார்கள். அந்த எண் பின்னர் சற்று உயர்ந்தாலும் வரம்பு என்ற ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு இடங்களிலும் எண் வந்தது சேதத்துக்குப் பிறகு. பங்கோருக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. அதனால்தான் இப்போதே பேச வேண்டும்.

பங்கோருக்குப் பாலம் இல்லாததைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வரமாகவே தோன்றுகிறது. விமானத்தை விட்டுவிட்டால், வருகிறவர்கள் அனைவரும் லூமுட் அல்லது மெரினா தீவுப் படகுத்துறை வழியாகத்தான் போக வேண்டும். கேமரன் மலைக்கு எத்தனை கார்கள் ஏறின என்று எண்ணுவது பெரிய வேலை. பங்கோருக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதைப் பெர்ரி டிக்கெட்டே சொல்லிவிடும். தீவின் கதவு நம் பக்கத்துக் கரையில் இருக்கிறது. அந்தக் கதவைக் கூட்டம் மிகும் நாள்களில் மட்டும் சற்றுச் சாத்திவைத்தால் போதும்.

எந்த எண்? மணலில் எத்தனை பாய் விரிக்கலாம் என்று அளந்து இதைச் சொல்ல முடியாது. தீவில் எது முதலில் திணறுகிறதோ அதுதான் அளவுகோல். பங்கோரில் அது குப்பையாக இருக்கலாம் என்பது என் ஊகம். நம் நாட்டுக் குப்பையில் பெரும்பங்கு மிச்சச் சோறும் காய்கறியும்தான். ஈரக் குப்பை எளிதில் எரியாது. எரிக்க வேண்டுமானால் எரிபொருளைக் கொட்ட வேண்டும். லங்காவி, தியோமான், பங்கோர் போன்ற இடங்களுக்கென்று கட்டப்பட்ட சிறிய எரியுலைகள் எதிர்பார்த்தபடி ஓடாததற்கு இந்த ஈரமும் ஒரு காரணம். ஆகவே ஆயிரம் பேர் கூடுதலாக வந்தால் ஆயிரம் பொட்டலச் சோற்றின் மிச்சம் எங்கே போகும் என்ற கேள்விதான், அவர்கள் எங்கே நின்று படம் எடுப்பார்கள் என்ற கேள்வியைவிட முக்கியம்.

இனிமேல்தான் நமக்குச் சங்கடமான பகுதி. கிழக்குக் கரையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்துக்கு மாசி மகத்தன்று பேராக்கின் பல ஊர்களிலிருந்தும் நம்மவர்கள் போகிறோம். ஈப்போ, சித்தியவான், ஆயர் தாவார், தெலுக் இந்தான், சுங்கை சிப்புட் என்று குடும்பம் குடும்பமாகப் போகிறோம். காவடிகள் சாலையில் வரும் அழகைப் பார்க்கவே வெளிநாட்டவரும் வருகிறார்கள். தீவின் மிகப் பெரிய கூட்ட நாள்களில் ஒன்று நம்முடையது. திருவிழா முடிந்த மறுநாள் காலை எந்தக் கடற்கரையும் எப்படி இருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரம்பு பற்றிப் பேசும்போது மற்றவர்களை விரல் நீட்டிவிட்டு நம் நாளை மட்டும் ஒதுக்கி வைக்க முடியாது.

இதற்காகப் பக்தர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதும் கடற்கரைக்குப் போவதும் ஒன்றல்ல. அன்றைய நாளுக்குத் தனித் திட்டம் வேண்டும் என்கிறேன். அன்று வாடகை மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டுத் தீவின் அடையாளமான அந்த இளஞ்சிவப்பு வேன்களை மட்டும் ஒரே திசையில் சுற்றவிடலாம். பெர்ரி டிக்கெட்டோடு வேன் டிக்கெட்டையும் சேர்த்தே விற்கலாம். அன்னதானத்துக்கு நெகிழித் தட்டை விலக்கி, மிச்ச உணவைத் தனியே சேர்த்து உரமாக்கலாம். கோயில் நிர்வாகம், வேன் ஓட்டுநர்கள், மஞ்சோங் நகராண்மைக் கழகம் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நடக்கக்கூடியவைதான் இவை. அந்த ஒரு நாளில் இது சரியாக ஓடினால், மற்ற விடுமுறை நாள்களுக்கும் அதையே பின்பற்றலாம்.

வரம்பு வைத்தால் விலை ஏறும், ஏழைகள்தான் அடிபடுவார்கள் என்ற எதிர்வாதம் நியாயமானது. பங்கோர் எளியவர்களின் தீவு. ஒரு பகலுக்குப் போய், கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, கடலில் குளித்துவிட்டு மாலைப் படகில் திரும்பும் குடும்பங்களின் தீவு. பக்கத்திலேயே இருக்கும் பங்கோர் லாவுட் முழுக்கத் தனியார் விடுதித் தீவு. அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது அறை வாடகை. பங்கோரில் பணம் அந்த வேலையைச் செய்யக்கூடாது. கட்டணமில்லாத முன்பதிவு, தீவுவாசிகளுக்கு முழு விலக்கு, கூட்டம் மிகும் நாள்களுக்கு மட்டும் வரம்பு. இப்படி அமைத்தால் செவ்வாய்க்கிழமை போகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இந்த விஷயத்தில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. பேராக்கில் ஆங்கிலேய ஆட்சிக்கு வழி திறந்தது அதுதான். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன் பின்னால் வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். தோட்டங்களில் சாலைகள் போடப்பட்டன, லயங்கள் கட்டப்பட்டன, கோயிலும் பள்ளியும் வந்தன. எல்லாம் ஒரே பயிரை நம்பி. ரப்பர் விலை சரிந்து, செம்பனை வந்து, நிலம் வீடமைப்புக்குப் போனபோது அந்தச் சாலையில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. சுற்றுலாவும் ஒரு பயிர்தான். தீவு முழுவதும் அதை மட்டுமே நட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். பங்கோர் 2020 ஜனவரி 1ஆம் தேதி வரியில்லாத் தீவானது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. சுற்றுப்பயணிகள் வராத நாள்களிலும் கடலில் மீன் இருந்தது, அதைப் பிடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

எனவே காட்சிச் சாலைத் திட்டத்தில் மீனவர் துறையும் நெத்திலி காயும் களமும் முதலில் பாதுகாக்கப்பட வேண்டும். வாசம் பிடிக்காத சுற்றுப்பயணி மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும். ஈப்போ பழைய நகரின் லோரோங் பங்லிமாவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த சந்து, இன்று எந்த ஊரிலும் கிடைக்கும் சாவிக்கொத்தும் விசிறியும் விற்கும் வரிசையாகிவிட்டது. கூட்டம் இருக்கிறது, குடியிருந்தவர்கள் இல்லை.

விலங்குகளின் நிலையும் இதேதான். தெலுக் நிப்பாவில் மாலை நேரத்தில் இருவாட்சிகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்கின்றன. வாழைப்பழத் துண்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காட்டில் பழம் தின்று விதைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதுதான் அந்தப் பறவையின் வேலை. நம் கையை நம்பிவிட்டால் அந்த வேலையை யார் செய்வது? கடலாமைகளுக்கும் இரவு விளக்கும் ஆரவாரமும் ஆகாது. எதிரே பெருநிலத்தின் செகாரியில் ஆமைக் காப்பகம் இருக்கிறது. சுற்றுலாவை அங்கிருந்து தொடங்கினால், தீவுக்குப் போகிறவர் எதைச் செய்யக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு போவார்.

அதைச் சொல்லித் தருபவர் நீங்களாகவும் இருக்கலாம். நாட்டில் இயற்கை வழிகாட்டிகளுக்கென்று பச்சை அட்டை உரிமம் இருக்கிறது. பயிற்சி பெற்றுத் தேர்ந்தால் கிடைக்கும். சித்தியவான், ஆயர் தாவார் பகுதி இளைஞர்கள் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும்போது, மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் பேசத் தெரிந்த அவர்களுக்குப் பக்கத்துத் தீவில் இருக்கும் இந்த வாய்ப்பை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மேற்கல்வி மாணவர்களால் இன்னொன்றும் முடியும். ஸ்ரீ இஸ்கண்டாரில் யுஐடிஎம், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் எல்லாம் லூமுட்டுக்கு எட்டும் தூரம்தான். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறவர்கள் ஒரு நீண்ட வார இறுதியில் பங்கோர் படகுத்துறையில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து எண்ணுங்கள். இறங்கியவர் எத்தனை, வேன் கிடைக்காமல் நின்றவர் எத்தனை, எந்தக் குப்பைத் தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பியது. பிறகு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போய் அதையே எண்ணுங்கள். இரண்டு நாள்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் யாரும் மறுக்க முடியாத ஆதாரம்.

அந்த ஆதாரத்தைக் கொடுப்பதற்கு இடமும் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, புறநகர்த் திட்டமிடல் சட்டப்படி, ஒரு மாவட்டத்தின் வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். வயலுக்குள் வீடமைப்பு வருகிறது, கோயில் நிலம் பறிபோகிறது என்று பின்னால் நாம் கொதிக்கும் பல விஷயங்கள் முன்பே அந்த வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்டு நமக்காகக் காத்திருந்தவைதான். பார்க்கப் போனவர்கள் குறைவு. அடுத்த முறை மஞ்சோங்கில் வரைவுத் திட்டம் காட்சிக்கு வரும்போது, பங்கோருக்கு ஓர் எண் வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுங்கள். மலாயில்தான் எழுத வேண்டியிருக்கும். எஸ்பிஎம் தேர்வில் எழுதும் கடிதத்தைவிட நீளம் குறைவாகவே இருக்கும்.