தெருவை வடிப்போரும் தம் தளத்தை வடிப்போரும்

உந்துகளுக்கே உரியதாகிவிட்ட தெருவை நடப்போர்க்கும் மிதிவண்டியர்க்கும் பேருந்தில் செல்வோர்க்கும் மீட்டுத் தர வரைவு வகுக்கும் வடிவமைப்பு நிறுவனங்கள் இந்நாளில் பல உள. அவர்தம் பணி போற்றத்தக்கதே. ஆயின், அத்தகு நிறுவனம் ஒன்று தன் வலைத்தளத்தைப் புதுக்கப் புகும்போது பெரும்பாலும் முதற்கண் எண்ணுவது யாது? முகப்பிற்கு எவ்வண்ணம் தீட்டலாம், எந்த அசைபடத்தை ஓடவிடலாம் என்பதே. படிக்க வருவார் யார் என்னும் வினாவோ இறுதியில் எழுகின்றது, சிலவிடத்து எழுவதேயில்லை.

சென்னை மாநகராட்சி நடத்தலையும் மிதிவண்டியையும் முற்படுத்தும் கொள்கையொன்றை 2014-இல் ஏற்றது. பாண்டி பசார் என வழங்கும் தெருவில் அகன்ற நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பெற்றது. இத்தகு தெருவில் நடப்போர் யாவர்? துணி வாங்க வரும் பெண்டிர், பூ விற்போர், கைக்கோலூன்றி வரும் பார்வையற்றோர். இவர்க்கென வகுத்த வரைவை ஆங்கிலத்தில் மட்டும் தளத்திலேற்றி வைப்பின், அது பணி வழங்கும் அலுவலர்க்குக் காட்டும் விளம்பரமேயன்றி வேறென்ன? ஆங்கிலப் பக்கம் அயலார்க்கென இருக்கட்டும். தமிழ்ப் பக்கமே முன்னிற்றல் வேண்டும். அதுவும் பொறி பெயர்த்த தமிழாய் இருத்தல் கூடாது. முகப்பு என வேண்டியவிடத்து 'வீடு' என எழுதி வைத்த தளங்களைக் கண்டு நகாதார் யார்!

இன்னுமொன்று. ஒருங்குறியில் தமிழெழுத்திற்கு 1991 முதலே இடமுண்டு. இருந்தும் தெரு வரைவின் விளக்கமனைத்தையும் படத்துள் எழுத்தாய்ப் புதைத்து வைக்கின்றனர். திரையெழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருட்குப் பல வேளைகளில் அது வெறும் படமே. படத்திற்கு ஈடான எழுத்து வேண்டும் என உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இலேயே நெறி வகுத்துவிட்டது. நடைபாதையில் பார்வையற்றோர்க்குத் தடவுகல் பதிக்கச் சொல்வோர், தம் தளத்து வாயிலிலேயே அவரைத் தடுத்து நிறுத்துவது என்ன முறை?

இதனினும் பெரிது தெருவோர விற்பனையாளர் நிலை. 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பங்கிற்குக் குறையாது அவர்தம் சார்பாளர் இடம்பெறல் வேண்டும். எந்தத் தெருவில் எவர் கடையிடலாம் என்பதில் கருத்துரைக்கும் உரிமை அவர்க்குண்டு. ஆனால் கையில் கிடைக்கும் வரைவு விளங்காவிடில் அவ்வுரிமையால் என்ன பயன்? தலையசைத்துவிட்டு எழுந்துவர வேண்டியதுதான். தோண்டத் தொடங்கிய பின்னரே தம் இடம் போயிற்றென அறிவர். ஆதலின் ஒவ்வொரு தெருவிற்கும் இன்றைய அகலம் எவ்வளவு, நாளைய அகலம் எவ்வளவு, கடைகள் எங்கே, பணி தொடங்கும் நாள் எது, மறுப்பை எவரிடம் தெரிவிப்பது என்பவற்றை அடி, நாள் கணக்கோடு தெளிதமிழில் முதற்பக்கத்திலேயே வைத்தல் வேண்டும். அசைபடங்கள் அதன்பின் வரட்டும். விலை குறைந்த கைப்பேசியில் அவை திறக்கவும் மாட்டா.

புதுக்கிய தளத்தை வெளியிடுமுன், அக்குழுவில் உள்ள விற்பனையாளர் ஒருவரின் கைப்பேசியிலேயே அதனைத் திறந்து கொடுத்து, அவர் கடை வரைபடத்தில் எங்குள்ளதெனக் காட்டுமாறு கேட்க.