ஞாயிறு ரேஸ் டிராக்கில்... திங்கள் பள்ளி வாசலில்!

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன மெக்கானிக் ஷெட். சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஷட்டரை இறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் முன்னால் ஒரு ஹேட்ச்பேக் கார் வந்து நின்றது. இறங்கிய இளைஞரின் கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"அண்ணே, நாளைக்குக் காலையில டிராக் டே. இந்த பிரேக் பேடை மட்டும் மாட்டிக் கொடுத்துடுங்க. ரேஸ் காருக்குப் போடுறது. ஆன்லைன்ல வரவழைச்சேன்."

மெக்கானிக் பெட்டியைத் திறந்து பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காரின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பின் சீட்டில் குழந்தைக்கான இருக்கை. அதன் மேல் ஒரு பிங்க் நிற தண்ணீர் பாட்டில்.

"மாட்டிடலாம் தம்பி. திங்கக்கிழமை காலையில இந்த வண்டியை யாரு எடுப்பாங்க?"

"வீட்ல எடுப்பாங்கண்ணே. பாப்பாவை ஸ்கூல்ல விடணும். ஏன் கேக்குறீங்க?"

"அப்போ இதை இன்னிக்கு மாட்ட வேணாம்."

இளைஞருக்குக் குழப்பம். 140 கி.மீ. வேகத்தில் வரும் காரையே நிறுத்துகிற பேட், 30 கி.மீ. வேகத்தில் போகிற காரைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தாதா?

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டிராக் டே என்றால்?

சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் நாள்தான் டிராக் டே. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, குழு குழுவாக உள்ளே போகலாம். இது போட்டி இல்லை. முதலிடமும் கிடையாது, கோப்பையும் கிடையாது. சென்னையில் ஒரு காலத்தில் கார் ரேஸ் என்றால் சோழவரம் பழைய விமான ஓடுதளம். பிறகு அந்த இடத்தைப் பிடித்தது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ. நீள டிராக். கோவைக்காரர்களுக்கு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது.

தெருவில் வாலாட்டாமல், வேகத்தை அதற்கென்று இருக்கிற இடத்தில் ஓட்டித் தீர்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால், அங்கே போகும் கார்களில் பல, மறுநாள் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய குடும்பக் கார்கள்.

பிரேக் ஓர் அடுப்பு!

பிரேக்கை மிதித்தால் காரின் வேகம் எங்கே போகிறது? வெப்பமாக மாறுகிறது. 1,100 கிலோ எடையுள்ள கார் 140 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவுக்காக 60 கி.மீ.க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சில விநாடிகளில் வெளிவரும் சக்தி, இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்குகளின் தலையில்தான் விழுகிறது. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மறுபடியும் இரண்டு லிட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால், இந்த வெப்பம் நான்கு மடங்காகும். அண்ணா சாலை டிராஃபிக்கில் நாள் முழுக்க பிரேக் பிடித்தாலும் டிஸ்க்கின் சூடு பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. டிராக்கில் சில ரவுண்டுகளிலேயே அது 400, 500 டிகிரியைத் தொட்டுவிடும்.

சாதாரண பேடில் உராய்வுப் பொருள்களை ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். சுமார் 300, 350 டிகிரிக்கு மேல் போனால் அது சிதைந்து வாயுவாக வெளியேற ஆரம்பிக்கும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அந்த வாயு மெல்லிய படலமாக நின்றுகொள்ளும். பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக இருக்கும். கார் மட்டும் நிற்காது. இதைத்தான் 'ஃபேட்' என்கிறார்கள்.

ரேஸ் பேட் மட்டும் எப்படித் தாங்குகிறது?

ரேஸ் பேடில் உலோகத் துகள்கள் அதிகம். 600, 700 டிகிரியைத் தாங்குவதற்கென்றே தயாராகிறது. ஆனால், அது முழு பலத்துடன் பிடிக்க ஆரம்பிப்பதே 150, 200 டிகிரி சூடேறிய பிறகுதான். தோசைக்கல் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகுமோ, அதே கதைதான்.

திங்கள் காலை ஏழே முக்காலுக்கு அந்தக் கார் வீட்டிலிருந்து கிளம்பும்போது டிஸ்க் ஜில்லென்று இருக்கும். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் தூரம். வழியில் நான்கு தடவை லேசாக பிரேக் பிடித்தால் சூடு ஏறப்போவதில்லை. வாசலில் ஷேர் ஆட்டோ சடாரென்று நிற்கிறது. ஒரு குழந்தை கையை உதறிவிட்டு ஓடுகிறது. வழக்கமான அழுத்தத்தில் மிதித்தால் கார் வழக்கமான தூரத்தில் நிற்காது. இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். அது முந்தின நாள் டிராக்கில் ஓட்டியவருக்குத் தெரியும். திங்கள்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது.

இது தவிர கிறீச் சத்தம், சக்கரமெல்லாம் கறுப்புத் தூள், டிஸ்க் சீக்கிரம் தேய்வது என்ற இலவச இணைப்புகளும் உண்டு.

பேட் நிறுத்துவதில்லை, டயர்தான் நிறுத்துகிறது

விலை உயர்ந்த பேட் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில், நல்ல நிலையில் இருக்கும் சாதாரண பேடே சக்கரத்தை ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்குப் பிடித்துவிடும். அதற்கு மேல் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. டிராக் பேடின் உண்மையான வேலை வேறு: முதல் ரவுண்டில் கார் எங்கே நின்றதோ, பத்தாவது ரவுண்டிலும் அங்கேயே நிற்க வைப்பது.

எனவே, பேட் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு டிகிரி தாங்கும்?' என்பது மட்டும் அல்ல. 'எத்தனை டிகிரியிலிருந்து பிடிக்கும்?' என்பதும்தான்.

சில பேடுகளின் ஓரத்திலோ, பின்பக்கத் தகட்டிலோ FF, EF, GG என்று இரண்டு எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வுக் குணகம். இரண்டாவது, அதிக சூட்டில் உள்ளது. E என்றால் 0.25 முதல் 0.35 வரை, F என்றால் 0.35 முதல் 0.45 வரை, G என்றால் 0.45 முதல் 0.55 வரை. FE என்றிருந்தால் சூடானதும் பிடி குறைகிறது என்று பொருள். ஆனால், இந்தச் சோதனையில் 'அதிக சூடு' என்பது சுமார் 340 டிகிரிதான். டிராக்குக்கு அந்த எழுத்துகளை மட்டும் நம்பினால் போதாது. தயாரிப்பாளர் தரும் வெப்பநிலை வரம்பைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது?

முதல் தடவை போகிறவர்: கம்பெனி பேடே போதும். ஆனால், புதிய பேடின் கனத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். பேட் மெலிந்தால் சூடு நேராக காலிப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் இறங்கும். மூன்று, நான்கு ரவுண்டு ஓட்டிவிட்டு வெளியே வந்து ஆறவிட வேண்டும்.

வருடத்தில் இரண்டு, மூன்று முறை போகிறவர்: சாலைக்கும் டிராக்குக்கும் நடுத்தரமான 'ஃபாஸ்ட் ரோடு' வகை பேட். குளிர்ந்திருக்கும்போதும் ஒழுங்காகப் பிடிக்கும். 450, 500 டிகிரி வரை சமாளிக்கும். ஒரே பேடை வைத்துக்கொண்டு இரண்டு வேலையும் செய்ய வேண்டிய குடும்பக் காருக்கு எல்லை இதுதான்.

அடிக்கடி போகிறவர்: இரண்டு செட். டிராக்குக்குப் போனதும் டிராக் பேட். வீட்டுக்குக் கிளம்பும் முன் பழைய பேட். கை பழகியவருக்கு முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரு மணி நேர வேலை. இரண்டு பேடுக்கும் தனித்தனி டிஸ்க் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு பேட் டிஸ்க்கில் பூசிவிட்டுப் போன படலம், இன்னொரு பேடுக்கு ஒத்துக்கொள்ளாது.

சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான் என்பதால், முன் பேடைப் பற்றி யோசித்தால் போதும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால், முன்னே ஒரு வகை, பின்னே அதைவிட அதிகமாகப் பிடிக்கும் வகை என்று கலக்கவே கூடாது. வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்றுவிடும் ஆபத்து உண்டு.

ஆயிலை மறந்தால் பேட் வீண்

பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிரேக் ஆயில் கொதித்தால் கதை முடிந்தது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் குமிழ்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடும்.

இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பெடல் இறுக்கமாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டில் எது நடந்தாலும் வேகத்தைக் குறைத்து, வெளியே வந்துவிட வேண்டும்.

இது டிராக்குக்கே போகாதவர்களுக்கும் பொருந்தும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே இறங்கினால், ரேஸ் ஓட்டாமலேயே அதே சூடு, அதே ஃபேட். அங்கே கைகொடுப்பது முதல், இரண்டாம் கியர்தான்.

டிராக்கில் கவனிக்க வேண்டியவை

* புதிய பேடை மாட்டியதும் நேராக முழு வேகத்துக்குப் போகக் கூடாது. 80 கி.மீ.யிலிருந்து 20 கி.மீ.க்கு, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, பிறகு சில நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். அப்போதுதான் பேட் டிஸ்க்கோடு 'செட்' ஆகும். டிராக் பேடுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் முறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றவும்.

* கடைசி ரவுண்டை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவும்.

* ஆறிய பிறகு பேடைப் பாருங்கள். ஓரம் பொடிந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, தகட்டில் பெயின்ட் வெந்து வெளுத்திருந்தாலோ, அந்த பேடால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்.

* பேடில் படிந்த தூளை வாயாலோ, ஏர் பைப்பாலோ ஊதக் கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைக்கலாம்.

* இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றை வழக்கமான கார் பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன.

சனிக்கிழமை இரவு...

ஷெட்டில் மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றி பழைய பேடை அளந்து பார்த்தார். ஒன்பது மில்லி இருந்தது. "நாளைக்கு இதுவே போதும் தம்பி. ஆயிலை மட்டும் மாத்திடுறேன். மூணு வருஷ ஆயில், காப்பி டிகாக்‌ஷன் கலர்ல இருக்கு பாரு."

"அப்போ இந்தப் பெட்டிண்ணே?"

"பத்திரமா வை. அடுத்த மாசம் ஒரு நாள் வா, கழட்டி மாட்டக் கத்துத் தர்றேன். அங்க போய் மாட்டு, அங்கேயே கழட்டு. அதோட வீட்டுக்கு மட்டும் வராதே."

ஞாயிறன்று அந்தக் கார் இருங்காட்டுக்கோட்டையில் நான்கு நான்கு ரவுண்டாக ஓடியது. ஒருமுறை ஐந்தாவது ரவுண்டுக்கு ஆசைப்பட்டபோது பிரேக் நாற்றம் உள்ளே வந்தது. இளைஞர் காலை எடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். கூட வந்த நண்பர்களின் கார்கள் அவரைத் தாண்டிப் போயின.

திங்கள் காலை அவர் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளித் தெருவில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, கையைக்கூடக் காட்டாமல் நின்றது. அவர் எப்போதும் போல பிரேக்கை மிதித்தார். கார் எப்போதும் போல நின்றது. பின் சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் மட்டும் உருண்டு கீழே விழுந்தது.